அரைக் கண்ணாடித் தண்ணீர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ரயில் இன்ஜின் டிரைவராக இருந்த என் அப்பா, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, ஓடும் இன்ஜினில் நீராவியில் வெந்து, ஆஸ்பத்திரியில் இறந்தார்.

2. பாய்லரில் தண்ணீர் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை என்று விசாரணையில் முடிவானது.

3. விழுப்புரம் ரயில்வே காலனியை விட்டு அம்மாவும் நானும் திண்டிவனத்தில் மாமா வீட்டுக்குப் போனோம்.

4. மாமா நிஜ நீராவியில் ஓடும் சின்ன இன்ஜின் ஒன்றைச் செய்தார்.

5. ஆயுத பூஜை அன்று அதைக் காலனிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அப்பாமேல் தப்பில்லை என்றார்கள்.

6. போன வருஷம் அந்த இன்ஜினின் கண்ணாடிக் குழாய் உடைந்தது. புதிது போடும் வேலை என்னிடம் வந்தது.

காலனியில் என்னோடு பாண்டி ஆடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரும் அங்கே நின்றிருந்தீர்கள். இப்போதும் ஏதாவது கல்யாணப் பந்தலில் பார்த்தால், உங்களில் ஒருவர் அந்தக் கதையைத் தொடங்குகிறார், பக்கத்து இலைக்காரர் முடிக்கிறார். ஆறாவது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் ஐந்தாவதை இனிமேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புரியட்டும் என்று ஒரு விஷயம். நீராவி இன்ஜினில் நெருப்புப் பெட்டிக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். எவ்வளவு நிற்கிறது என்று காட்டத்தான் டிரைவரின் முகத்துக்கு எதிரே செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். பாய்லரில் உள்ள மட்டம் அதிலும் தெரியும். தண்ணீர் ரொம்ப இறங்கினால் நெருப்புப் பெட்டியின் கூரையில் இருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பின்மேல் பாயும். அப்பாவின் இன்ஜினில் அது உருகிய நேரம், கரி போடுவதற்காக நெருப்புக் கதவு திறந்திருந்தது. பயர்மேன் கரி வாரப் பின்பக்கம் திரும்பியிருந்தார். அப்பா கதவுக்கு நேராக நின்றிருந்தார்.

இதுவரை யாருக்கும் சண்டையில்லை. தண்ணீர் இறங்கியது உண்மை. கேள்வி ஒன்றே ஒன்று. அப்பா கண்ணாடியைப் பார்க்காமல் விட்டாரா, அல்லது அவர் பார்த்தபோது கண்ணாடி தப்பாகக் காட்டியதா?

பயர்மேன் அண்ணன் விசாரணையில் சொன்னது இவ்வளவுதான்: "நான் கரி வாரிக்கினு இருந்தேங்க. கண்ணாடிய நான் பாக்கலை."

அதற்குப் பிறகு காலனிக் குழாயடியில் அம்மாவுக்கு இடம் விட்டார்கள். முன்பெல்லாம் குடத்தை இடித்துக்கொண்டு வரிசைக்குச் சண்டை போட்டவர்கள், இப்போது தள்ளி நின்று வழிவிட்டார்கள். அந்த மரியாதையே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அம்மாவின் குடம் நிறைந்து வழிந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த ரயில் கார்டு வீட்டுக்காரி சத்தமாகவே சொன்னாள்.

"குடத்த பாரும்மா. உங்கூட்டுல யாருமே தண்ணிய பாக்க மாட்டீங்களா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள். குடத்தைப் பிறகு யாரோ வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாரமே மூட்டை கட்டினோம்.

திண்டிவனத்தில் மாமா வீடு தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கம். மாமா அம்மாவின் தம்பி; விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். தினமும் பாசஞ்சரில் போய் வருவார். அவர் சட்டையில் இன்ஜின் எண்ணெயும் கரியும் சேர்ந்த அதே வாடை வரும். அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கும்போது மட்டும் என்னைப் பக்கத்தில் விடமாட்டாள். வீட்டில் எதையும் மூடிபோட்டுக் கொதிக்கவிடவும் மாட்டாள். சோற்றுப் பானையை நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பாள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

எனக்கு அப்போதே வரிசைபோடும் பழக்கம் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் மனசுக்குள் இரண்டு வரிசை வைத்திருந்தேன். அப்பா கவனமானவர் என்பதற்கு: செருப்பை உதறாமல் போடமாட்டார், பூட்டை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார், என் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நேரத்தைக் கதவில் சாக்குக்கட்டியால் குறிப்பார். அப்பா மறதிக்காரர் என்பதற்கு: சாப்பாட்டுத் தூக்கை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வருவார், என்னைச் சந்தையில் பாத்திரக்கடை வாசலில் நிறுத்திவிட்டு மறந்து வீடுவரை வந்திருக்கிறார். ஒரு பக்கம் ஒன்று கூடினால் மறு பக்கமும் ஏதாவது ஒன்று ஞாபகம் வந்துவிடும். எந்தப் பக்கமும் தாழவேயில்லை.

மாமாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னார்.

"அக்கா, இந்தப் பக்கத்துத் தண்ணி எல்லாம் சுண்ணாம்புத் தண்ணி. உன் வெந்நீர் அண்டாவ பாரு, எப்படி வெள்ளையா படிஞ்சிருக்குது. கண்ணாடிக்குத் தண்ணி வர்ற ஓட்டையில அது அடைச்சிக்கிச்சின்னா, பாய்லர்ல தண்ணி எறங்கும், கண்ணாடில எறங்காது. மச்சான் பாத்திருப்பாரு. அரைக் கண்ணாடி இருந்திருக்கும். இருக்குதுன்னு நெனைச்சிக்கினு ஓட்டியிருப்பாரு."

"இதச் சொன்னா யாரு கேப்பாங்க?" என்றாள் அம்மா.

"சொன்னா கேக்க மாட்டாங்க. காட்டணும்."

அப்படித்தான் அது தொடங்கியது. பாய்லருக்குச் செம்பு வேண்டும் என்றார் மாமா. அம்மா உள்ளே போய், குழாயடியில் வழிந்ததே, அந்தக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கல்யாணச் சீர்க் குடம். மாமா அதன் கழுத்தை அறுத்தபோது எழுந்த சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டேன். அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தகட்டைக் குழாய்போல் உருட்டி, பஜாரில் பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்துப் பற்றவைத்தார். இரண்டு பழைய ஸ்டவ்களின் பம்புக் குழாய்கள் சிலிண்டர்களாயின. சக்கரங்களைப் பித்தளையில் வார்த்து லேத்தில் கடைந்தார். நெருப்புக்குத் திரி போட்ட ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக்கு, ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய மெல்லிய குழாய். அதன் துளையில் ஒரு தீக்குச்சி நுழையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கண்ணாடியின் பாதி உயரத்துக்கு நேராக, பாய்லரில் ஒரு சின்னத் திருகுக் குழாய் வைத்தார். கண்ணாடி அரைத் தண்ணீர் காட்டும்போது அதைத் திறந்தால் தண்ணீர் சிந்த வேண்டும். வெறும் ஆவி வந்தால் கண்ணாடி பொய். அதுதான் அவருடைய முழு யோசனையும்.

முதல்முறை மூட்டிய நாள் கொல்லையில் நாங்கள் மூன்று பேர்தான். ஸ்பிரிட்டின் நீலச் சுடர் வெயிலில் தெரியவில்லை. செம்பு சுடும் வாடை மட்டும் வந்தது. பாய்லர் முனகத் தொடங்கியது. மாமா சக்கரத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினார். இன்ஜின் தும்மி, வெந்நீர் துப்பி, வட்டமாகப் போட்ட பட்டை இரும்புத் தண்டவாளத்தில் தானாகவே நகர்ந்தது. நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அரையில் நின்றது. இன்ஜின் சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி அரையிலேயே நின்றது. மாமா திருகைத் திறந்தார். காய்ந்த ஆவி உஸ்ஸென்று வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மாமா விளக்கை உருவி வெளியே எறிந்தார்.

"பாத்தியா அக்கா! ஒரே நாள்ல அடைச்சிக்கிச்சி பாரு!"

ஒரே நாளில். புதுச் செம்பில். அது எப்படி என்று கேட்கும் வயசு எனக்கில்லை. இருந்த இரண்டு பெரியவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள்.

பிறகு மாமா அதற்குக் கறுப்பு அடித்தார். முன்பக்கம் வெள்ளையில் அப்பாவின் இன்ஜின் நம்பரை எழுதினார். மறுநாள் காலையில் அந்த இடத்தில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அம்மா அரிவாள்மணையின் நுனியால் சுரண்டியிருந்தாள்.

"அந்த நம்பரு என் ஊட்டுல வேணாம்" என்றாள். மாமா மறுபடி எழுதவில்லை.

ஆயுத பூஜைக்குக் காலை பாசஞ்சரில் விழுப்புரம் போனோம். இன்ஜினை அம்மாவின் பழைய புடவையில் சுற்றி மாமா மடியில் வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாது அது, பூஜை சாமானா?"

"இன்ஜின்" என்றார் மாமா.

"ரயிலுக்குள்ள ரயிலா? அதுக்கு டிக்கெட் வாங்கிட்டியா?"

பெட்டியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். மயிலம் தாண்டியதும், அப்பாவுக்கு அது நடந்த பக்கம் என்பதால், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். விழுப்புரம் வரும்வரை எடுக்கவில்லை.

அன்று ஷெட் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின்களுக்கு வாழைக்கன்று, சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், நம் கைநிறையப் பொரிகடலை. பூஜை முடிந்து எல்லோரும் காலனி மைதானத்துக்கு வந்தபோது மாமா தண்டவாளத்தை விரித்து வைத்திருந்தார். முதலில் நாம்தான் சூழ்ந்துகொண்டோம். பிறகு பெரியவர்கள் வந்தார்கள். கார்டு வீட்டுக்காரியும் வந்தாள். பயர்மேன் அண்ணன் எல்லோருக்கும் பின்னால், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இன்ஜின் ஓடியது. நீங்கள் கூவினீர்கள். மாமா கூவவிட்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"எல்லாரும் கண்ணாடிய பாருங்க. எவ்ளோ தண்ணி இருக்குது?"

"அரை!" என்று நாமெல்லாம் சேர்ந்து கத்தினோம்.

"டிரைவருங்க சொல்லுங்க. அரைக் கண்ணாடி இருந்தா ஓட்டுவீங்களா, நிறுத்துவீங்களா?"

"அரை இருந்தா தாராளமா ஓட்டலாம்பா" என்றார் ஒரு வயசான டிரைவர்.

மாமா திருகைத் திறந்தார். உஸ்.

வயசான டிரைவர் குனிந்து திருகைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பின்னால் சைக்கிள் விழும் சத்தம் கேட்டது. பயர்மேன் அண்ணன் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நின்றார்.

"அண்ணி, பாத்தாரு. டிரைவரு கண்ணாடிய பாத்தாரு. நானும் பாத்தேன். அரை இருந்திச்சி. எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. இதே மாதிரி, இதே அளவு. பயத்துல அன்னிக்கி மறந்துட்டேன் அண்ணி."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கார்டு வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வாங்கிக் குடித்தாள்.

உங்கள் கதை இங்கே முடிகிறது. விசாரணை முடிவை யாரும் மாற்றவில்லை. அதிகாரிகள் யாரும் மைதானத்துக்கு வரவுமில்லை. ஆனால் அம்மாவுக்குக் காலனிதான் கோர்ட்டு. அங்கே அப்பா ஜெயித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் திதி அன்று, படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, மத்தியானம் கொல்லையில் அம்மா அந்த இன்ஜினை மூட்டுவாள். முகத்தைக் கிட்டே வைத்துக் கண்ணாடியைப் பார்ப்பாள். அரை. திருகைத் திறப்பாள். உஸ். விளக்கை அணைத்துவிட்டு வந்து எங்களுக்குச் சோறு போடுவாள். அன்றைக்கு மட்டும் நன்றாகச் சாப்பிடுவாள்.

நான் சென்னைக்குப் படிக்க வந்தேன். பாலிடெக்னிக்கில் ஒருநாள் எங்கள் ஆசிரியை பல அளவுள்ள கண்ணாடிக் குழாய்களைச் சிவப்புத் தண்ணீரில் வரிசையாக நிறுத்தினார். அகலமான குழாயில் தண்ணீர் வெளியே இருக்கும் மட்டத்திலேயே நின்றது. குழாய் மெலிய மெலியத் தண்ணீர் மேலே ஏறியது. கடைசிக் குழாயில், அது நிற்கவேண்டிய இடத்துக்கு வெகு உயரத்தில், தானாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடைப்பு எதுவும் இல்லை. சுண்ணாம்பும் இல்லை. துளை மெல்லியது, அவ்வளவுதான். சுற்றியிருந்தவர்கள் படம் வரைந்தார்கள். எனக்குக் கடைசிக் குழாயை வரைய வரவில்லை.

அப்பாவின் இன்ஜினில் இருந்த கண்ணாடியை நான் பார்த்திருக்கிறேன். அதன் துளையில் என் சுண்டுவிரல் நுழையும். அதில் தண்ணீர் அப்படித் தொங்காது. சுண்ணாம்பு அடைத்திருந்தால் அது பொய் காட்டியிருக்கலாம். அடைத்ததா என்று யாருக்கும் தெரியாது. மாமாவின் இன்ஜின் காட்டியது வேறொரு பொய். அது எதையும் நிரூபிக்கவில்லை.

இதை யாரிடமும் சொல்லாமல் சில வருஷம் இருந்தேன். படிப்பு முடிந்து, பாய்லர் வரைபடம் போடும் வேலையும் கிடைத்தது. கனவில் அப்பா வந்ததில்லை. அந்த உஸ் மட்டும் வரும். போன வருஷம் மாமாவிடமிருந்து சேதி வந்தது: கண்ணாடி உடைந்துவிட்டது, அதே மாதிரி மெல்லிசாக ஒன்று வாங்கிக்கொண்டு வா, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீதான் போட வேண்டும்.

நேரே திண்டிவனம் போகாமல் முதலில் விழுப்புரத்தில் இறங்கினேன். பயர்மேன் அண்ணன் இப்போது டிரைவர். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. இன்னா இவ்ளோ இளைச்சிட்ட? மெட்ராஸ்ல சோறு போடறதில்லையா?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி அப்பாவோட இன்ஜின்ல கண்ணாடி அரை இருந்திச்சின்னு சொன்னீங்களே. நெஜமா பாத்தீங்களா?"

அவர் டீயைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"பாத்தேன்மா. இப்பகூட கண்ண மூடினா தெரியுது." கண்ணை மூடித் திறந்தார். "ஆனா எப்ப மூடினாலும் பக்கத்துல உங்க மாமா கை தெரியுது. அந்தச் சின்ன இன்ஜின்ல பாத்தேனா, பெருசுல பாத்தேனா, பிரிக்க முடியலை. எத்தினியோ வாட்டி பிரிச்சிப் பாத்துட்டேன்." பிறகு மெதுவாக, "உங்கம்மா கேட்டாங்களா?" என்றார்.

"இல்லைண்ணே."

"கேட்டா, பாத்தேன்னு சொல்லு."

மாமாவிடம் இரண்டு குழாய்களை எடுத்து வைத்தேன். ஒன்று மெல்லியது, ஒன்று அகலம். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"மாமா, பெருசு போடலாம். மெல்லிசு சரியா காட்டாது."

"சரியா காட்டாதுன்னுதானே அந்த இன்ஜினே செஞ்சேன்" என்று சிரித்தார்.

"சுண்ணாம்பு இல்லன்னாலும் காட்டாது மாமா. முதல் நாளே காட்டலையே. அன்னிக்கி ஏது சுண்ணாம்பு?"

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. ஃபிட்டர் அவர்; நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. துணியை எடுத்துச் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மெல்லிசையே போட்டுடு. பேஜாரு எதுக்கு?"

"அத மூட்டுறது அம்மா, மாமா. மூஞ்சிய கிட்ட வெச்சிக்கினு பாக்கறதும் அம்மா. வருஷா வருஷம் தண்ணி இல்லாம காய விடறாங்க. ஒருநா பத்தவெச்ச இடம் விட்டு வெடிச்சிச்சின்னா?"

மாமா வாசலைப் பார்த்தார். அம்மா வரவில்லை.

"பெருசையே போடு" என்றார்.

திதி அன்று மத்தியானம் வழக்கம்போல எல்லாம் நடந்தது. அம்மா விளக்கை ஏற்றினாள். இன்ஜின் முனகி, துப்பி, கிளம்பியது. அம்மா முட்டிபோட்டு உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். முக்கால் இருந்தது. பிறகு அரை. அம்மா திருகில் கைவைத்துத் திறந்தாள், வெந்நீர் சிந்தியது. அவள் கையை உதறவில்லை. திருகை மூடிவிட்டு மறுபடி பார்த்தாள். அரைக்குக் கீழே இறங்கியது. எல்லா வருஷமும் நின்ற இடத்தில் அது நிற்கவில்லை. நிதானமாக, உள்ளே இருக்கும் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போனது. மாமா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தாள்.

"நல்ல கண்ணாடியா போட்டிருக்க" என்றாள்.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே விளக்கை எடுத்து ஊதி அணைத்தாள். இன்ஜின் தானாக நிற்கும்வரை காத்திருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். தனக்குப் பசியில்லை என்றாள்.

இப்போதைய நிலை இது. விசாரணை முடிவு மாறவில்லை. பயர்மேன் அண்ணன் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா அன்று கண்ணாடியைப் பார்த்தாரா என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழி எதுவும் மிச்சமில்லை. அம்மா என்னிடம் எதையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சின்ன இன்ஜின் திண்டிவனத்தில், ஓடுகிற நிலையில் இருக்கிறது. இந்த வருஷத் திதிக்கு அம்மா அதை வெளியே எடுக்கவில்லை.